இல்லை என்று எழுதிய ஆறு சனிக்கிழமைகள்

க்ரூடாயிலை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை முழுக்க இழுத்த பிறகும் இன்ஜின் நிற்கவில்லை. வேகம் ஏறிக்கொண்டே போனது. பூந்தமல்லி ஷெட் வாசலில் சும்மா நின்றிருந்த எங்கள் பழைய டீசல் லாரி, யாரும் மிதிக்காமலே அலறியது. புகையில் டிரைவர் காசிம் பாயின் முகமே தெரியவில்லை.

"பாய், எகிறிக் குதி! வெடிக்கப் போவுது!" என்று கத்தினார் இன்ஜின் வேலை பார்க்கும் பிட்டர் ஏகாம்பரம்.

"கம்பிய புடிச்சி இழுத்துகினேதான் கீறேன், நிக்க மாட்டேங்குதேப்பா!"

ஏகாம்பரம் ஒரு கோணிச் சாக்கைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயில் அடைத்து அழுத்தினார். இன்ஜின் இரண்டு முறை குலுங்கி அடங்கியது. நான் பேனாவும் கையுமாக நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். வேட்டியில் மை சிந்தியிருந்தது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. ஐந்து லாரிகள் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் நான் கணக்கு எழுதும் ரைட்டர். திருமழிசைச் சூளைகளிலிருந்து, ஆவடியில் எழும்பிக்கொண்டிருந்த பட்டாளக் கட்டடங்களுக்குச் செங்கல் போகும். நான்கு லாரிகள் பெட்ரோலில் ஓடுபவை. காசிம் பாயின் லாரி மட்டும் டீசல். அதற்கு ஊற்றும் டீசலை க்ரூடாயில் என்போம்.

முதலாளி ஓடி வந்தார். ஏகாம்பரம் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் கோட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை நின்றது. மிஞ்சிய ஆயில் மேலே சிலிண்டருக்குள் ஏறி எரிந்திருக்கிறது. க்ரூடாயிலை நிறுத்தியும் இன்ஜின் ஓடியது அதனால்தான்.

"பதினோரு வருசமா ஓட்டுறே, கோடு எதுன்னு தெரியாதா? எவ்ளோ ஊத்தின?"

"ஒரு சொட்டு ஊத்தல மொதலாளி."

"இன்னியோட சரி. இனிமே இந்தப் பக்கம் வராதே."

காசிம் பாய் என் பக்கம் திரும்பினார். "ரைட்டரே, நோட்ட எடுத்துக் காட்டேன். என் வாயில மண்ணப் போட்றாதே."

எனக்குத் தயக்கமே இல்லை. ஆயில் டிரம் சாவி என் இடுப்பில் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் எழுதிய பிறகே ஆயில் வெளியே போகும். 'சேர்த்த ஆயில்' என்ற பத்தியை உரக்கப் படித்தேன். இல்லை, இல்லை, இல்லை. ஆறு வாரமும் இல்லை.

"அப்போ தண்ணி எறங்கியிருக்கும்" என்றார் முதலாளி.

ஏகாம்பரம் இரும்புத் தகட்டைச் சூடாக்கி ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் கலந்திருந்தால் சடசடவென்று பொரியும். பொரியவில்லை. பிறகு கண்ணாடித் துண்டில் புது ஆயில் ஒரு சொட்டு, இது ஒரு சொட்டு வைத்துச் சாய்த்தார். புதியது ஊர்ந்தது, இது ஒரே ஓட்டமாகக் கீழே போய்விட்டது. விரலில் தொட்டு மோந்தார்.

"க்ரூடாயிலு ஏத்துற பம்ப்புல டயாப்ரம் சவ்வு கிழிஞ்சி கீது மொதலாளி. க்ரூடாயிலு உள்ளாற எறங்கிகினே இருந்திருக்கு. இது ஆயிலே இல்ல."

அப்போதுதான் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினேன். சனிக்கிழமை தோறும் ஒரு சொட்டு ஆயிலை மை ஒற்றும் தாளில் விட்டு, காய்ந்ததும் ஒட்டி வைப்பது என் பழக்கம். நடுவில் கறுப்பு இருந்தால் கரி. டீசலுக்கு அது இயல்பு. நெறுநெறுத்தால் தூசி. கறுப்பைச் சுற்றி வடை மடித்த தாள் போல வெளிறிய வளையம் பரவினால் க்ரூடாயில் கலக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். முதல் தாளில் வளையம் இல்லை. இரண்டாவதில் நூல் அளவு. ஆறாவதில் கட்டைவிரல் அகலம். ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்தில் 'கரி வழக்கம்போல்'. நடுவை மட்டுமே ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன்.

அந்த ஆறு வாரத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். அதே இன்ஜின், வாரம் ஒரு பைண்ட், அதாவது காலனில் எட்டில் ஒரு பங்கு, ஆயில் தவறாமல் குடித்திருக்கிறது. குடிப்பதைத் திடீரென்று நிறுத்தியபோது நான் சந்தோஷப்பட்டேன். மற்ற டிரைவர்களிடம் "பாயைப் பார்த்துக் கத்துக்குங்க" என்றுகூடச் சொன்னேன். அவர்கள், "இன்னா பாய், உன் லாரி நோம்பு புடிக்குதா?" என்று கிண்டல் செய்தார்கள். "கோட்டுக்கு மேலயே கீது ரைட்டரே" என்று காசிம் பாய் இரண்டு தடவை சொன்னார். நான் சிரித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன்.

"தப்பு என்னோடது முதலாளி. ஆறு வாரமா இந்த நோட்டுலயே இருக்கு" என்றேன்.

முதலாளி தாள்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். என் இடுப்பிலிருந்த டிரம் சாவியைக் கழற்றச் சொல்லி வாங்கி ஏகாம்பரத்திடம் கொடுத்தார். காசிம் பாயிடம், "நாளைக்கி வா" என்றார்.

ஆயிலை வடித்தோம். இரண்டு காலன் ஊற்றிய இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று காலன் வந்தது. அடியில் பேரிங்கின் வெள்ளைத் துகள் மின்னியது. இன்னும் ஒரு லோடு போயிருந்தால் ஷாப்ட் போயிருக்கும் என்றார் ஏகாம்பரம். காசிம் பாய் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"கையெழுத்து முத்து முத்தா கீது ரைட்டரே. எழுதுனத கொஞ்சம் படிச்சும் பாரு."

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நாள் ஆயிலை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. போன வாரத்துத் தாளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பழைய இன்ஜின் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டால் முதலில் பயப்படுங்கள்.

பம்ப்புக்குப் புது டயாப்ரமும், இன்ஜினுக்குப் பேரிங்கும் போட்டு லாரி ஓடத் தொடங்கிய முதல் சனிக்கிழமை, நோட்டில் 'போன வாரத்துக்கும் இதற்கும் வித்தியாசம்' என்று புதுப் பத்தி போட்டுக் காத்திருந்தேன். காசிம் பாய் டிப்ஸ்டிக்கைத் துணியால் துடைத்து, விட்டு, எடுத்து, என் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஆயில் கோட்டுக்குக் கீழே இருந்தது.

"முக்கா பைண்ட் எழுதிக்கோ ரைட்டரே. நோம்பு தொறந்துடுச்சி."