தவக்கால வெள்ளியன்று பறித்த கீரை

இதை எழுத எனக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. ஆலயத்தில் எழுந்து நின்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆகவே, பங்கு மக்களாகிய உங்கள் முன் எழுத்தாக வைக்கிறேன். ஒரு நாள், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, என் மகளையும் அவள் வயிற்றிலிருந்த குழந்தையையும் என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நான் நம்பியிருந்தேன்.

அது 1998ஆம் ஆண்டு. என் மனைவி இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் பிழைக்க வேண்டுமென்று நான் மன்றாடியது சிறிதல்ல. அவள் பிழைக்கவில்லை. அதன்பின் நாள்தோறும் திருப்பலிக்குச் சென்றேன். ஆனால் எதையும் கேட்கவில்லை. ஒருமுறை கேட்டு இல்லையென்று ஆன இடத்தில் மறுபடி கை நீட்ட நாணினேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவள் விட்டுச் சென்றவை ஒன்பது முட்டைக் கோழிகளும் ஒரு சிறு காய்கறித் தோட்டமும். தோட்டத்தில் மருந்து கூடாது என்பது அவள் விதி. மாலையில் கோழிகளைத் திறந்துவிடுவாள். அவை புழு பூச்சிகளைக் கொத்தித் தின்னும். பாத்தியைக் கிளறத் தொடங்குமுன் கூண்டுக்குள் விரட்டிவிடுவாள். அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அவ்வாண்டு கத்தரியில் தண்டுப்புழு விழுந்தது. தினமும் காலையில் இன்னொரு கொழுந்து தலை தொங்கி நிற்கும். அவள் நட்ட செடிகள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை. கன்னிவாடியில் விவசாயம் செய்யும் உறவினர் ஒருவரிடம் பூச்சிமருந்து வாங்கி வந்து, ஒரு வியாழக்கிழமை மாலை அடித்தேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். துளி பிசகாமல் அளந்தேன். கோழிகளை அடைத்து வைத்தேன். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. தாயின் விதியை மீறியதை அவளிடம் ஒப்புக்கொள்ள வெட்கம்.

என் மகள் ஸ்டெல்லா தாடிக்கொம்பில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மருமகன் வடநாட்டில் பணியில் இருந்ததால் என்னுடன் தங்கியிருந்தாள். திருமணமாகி ஆறு ஆண்டுகளுக்குப் பின் கருவுற்றிருந்தாள். நான்காம் மாதம்.

மறுநாள் தவக்காலத்து வெள்ளி, புலால் தவிர்க்கும் நாள். நான் விடியற்காலையிலேயே திருப்பலிக்குச் சென்று, அங்கிருந்து ஓய்வூதியக் காரியமாக அலுவலகம் போய்விட்டேன். வீடு திரும்பும்போது மணி பதினொன்றே முக்கால். கூண்டில் ஆறு கோழிகள் சாய்ந்து கிடந்தன. ஒன்றன் அலகிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கால்கள் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. கூண்டின் தாழ் போட்டபடியே இருந்தது. எப்படி? கத்தரிப் பாத்தியைப் பார்த்தேன். வரிசைகளுக்கிடையே தானாக முளைத்திருந்த குப்பைக்கீரையைக் காணவில்லை. நான் அதைக் களை என்றே எண்ணியிருந்தேன். என் மனைவிக்கு அது கீரை. மகளுக்கும் அப்படித்தான் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், கோழியெல்லாம் இப்பிடிக் கெடக்கு? சீக்கா?"

"கோழியை விடும்மா. ஸ்டெல்லா காலையில என்ன சமைச்சா?"

"கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வெள்ளிக்கிழமையில்ல? வேறென்ன வெஞ்சனம் வைக்கும்?"

அடுக்களையில் அரிவாள்மணைக்கு அருகே வேர்த்துண்டுகள் கிடந்தன. கழித்த தண்டைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, இலையைச் சமைத்து எடுத்துச் சென்றிருக்கிறாள். பள்ளியில் உணவு மணி பன்னிரண்டு நாற்பதுக்கு அடிக்கும்.

தெருமுனைத் தொலைபேசிக் கடையிலிருந்து பள்ளிக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எவரும் எடுக்கவில்லை. பேருந்து கிடைத்தது. அது ரயில்வே கேட்டில் நின்றது. சரக்கு வண்டி வரவேண்டும் என்றார்கள். அந்த மருந்து உடலில் என்னென்ன செய்யும் என்பது வரிசை மாறாமல் எனக்குத் தெரியும். முதலில் எச்சில். பிறகு கண்மணி சுருங்கும். பிறகு மூச்சு. படித்த படிப்பெல்லாம் அப்போது அதற்குத்தான் பயன்பட்டது.

"கேட்டை எப்பப்பா திறப்பாங்க?" என்று மூன்றாம் முறை கேட்டபோது நடத்துநர் சலித்துக்கொண்டார்.

"பெரியவரே, நானா பூட்டி வச்சிருக்கேன்? எறங்கி ஓடினா மட்டும் வண்டிக்கு முந்திப் போயிருவீகளா?"

பூக்கூடையோடு இருந்த பெண் அவரை அதட்டினாள். "ஏலே, சும்மா இரு. அவருக்கு எம்புட்டு வேர்க்குது பாரு. அண்ணே, செத்த நேரம் இப்பிடி உக்காருங்க."

நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு மாதங்களாகக் கேட்காத வாய் அங்கே திறந்தது. "ஆண்டவரே, இவளையாவது விட்டுவிடும்." அதற்குமேல் சொல் வரவில்லை. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குள் நுழையும்போது மணி ஒன்றாக ஐந்து நிமிடம். ஸ்டெல்லா வேப்பமரத்தடியில் மற்ற ஆசிரியைகளுடன் அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். உள்ளே எலுமிச்சம்பழச் சோறு இருந்தது.

"என்னப்பா இது? செருப்புக்கூடப் போடாம, இந்த வெயில்ல?"

"கீரை... கீரை எங்கேம்மா?"

"அதா? ஆயும்போதே ஒரு மருந்து வாடை. இப்பத்தான் எனக்கு எந்த வாடையும் ஆகலையே. கொமட்டிக்கிட்டு வந்துச்சு. அப்பிடியே அள்ளிக் கோழிக்குப் போட்டுட்டு, கையை நல்லாக் கழுவிட்டேன்." என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, மருந்தா அடிச்சீங்க?"

நான் தலையசைத்தேன். அப்படியே மண்ணில் அமர்ந்துவிட்டேன்.

"அம்மா இருந்திருந்தா இன்னைக்கு உங்கள வெளுத்திருப்பாங்க" என்றாள். சிரிக்கத்தான் தொடங்கினாள்; அழுகையாக முடிந்தது.

அன்றே மருத்துவரிடம் காட்டினோம். பழுதில்லை என்றார். இறந்த கோழிகளை ஆழக் குழிதோண்டிப் புதைத்தேன். கத்தரியை வேரோடு பிடுங்கினேன். எஞ்சிய மூன்று கோழிகள் இட்ட முட்டைகளையும் பல வாரங்கள் எவரும் தொடாமல் புதைத்தேன். அவ்வாண்டு இறுதிக்குள் பேரன் நலமாகப் பிறந்தான்.

என் நண்பர் ஒருவர் கேட்டார்: "அவள் கீரையைக் கொட்டியது காலை ஏழு மணிக்கு, நீர் மன்றாடியது பன்னிரண்டுக்குமேல். இதில் ஜெபத்துக்கு என்ன வேலை?" முறையான கேள்வி. பல ஆண்டுகள் அதை எண்ணிப் பார்த்தேன். நான் கேட்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த வேளையிலேயே எனக்குக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. என் அறிவுக்கு எட்டுவது இவ்வளவே. அப்படியானால் என் மனைவிக்கு ஏன் இரங்கவில்லை? அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காமலேயே நன்றி கூறுகிறேன். வீட்டில் எதையும் மறைப்பதில்லை. சிறு தவறானாலும் அன்றே சொல்லிவிடுகிறேன்.

அன்பர்களே, ஒருமுறை கேட்டுக் கிடைக்காததால் ஆண்டவரிடம் பேசாதிருப்பவர் உங்களில் இருக்கலாம். அந்த மௌனத்தை நான் அறிவேன்; அதை மரியாதை என்றுகூட எண்ணியிருந்தேன். நாணாமல் கேளுங்கள். அழகாகக் கேட்க வேண்டியதில்லை. எனக்கு மூன்று சொற்களுக்குமேல் வரவில்லை. அவற்றையும் அவர் கேட்டார்.