சம்மட்டி உடைத்த கண்ணாடி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பழைய கார்கள் பழுது பார்க்கும் அந்தத் தெரு முழுக்க அவள் சம்மட்டிதான். பட்டம் சும்மா வந்துவிடவில்லை. அவள் புருஷன் கார் ஏசி மெக்கானிக். அவளை உதவிக்கு வைத்துக்கொண்டு, வேலையைச் சொல்லிக் கொடுத்த அதே கையால் தினமும் அடித்தான். ஒருநாள் கம்ப்ரஸரைத் தூக்கிக் கொடுக்கத் தாமதித்தாள் என்று தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். கைக்கு எட்டிய சம்மட்டியை எடுத்து அவன் முழங்காலில் ஒரே போடு போட்டாள். நொண்டிக்கொண்டு போனவன் போனவன்தான். "சனியன் தொலஞ்சது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட்டைத் திறந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கை முதலில், பேச்சு அப்புறம். கேலி பேசியவன் பல்லைப் பொறுக்கினான். உள்ளே கிடந்த சாமானைத் திருட வந்தவன் விரல் ஒடிந்து போனான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஏசி வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எல்லாவற்றையும் மாற்று, புதிதாகப் போடு என்று யாரிடமும் சொல்ல மாட்டாள். முன்னால் இருக்கும் கண்டென்ஸரைக் கழுவுவாள், இத்துப்போன ரப்பர் வளையங்களை மட்டும் மாற்றுவாள், காயலான் கடையில் தேடிப் பிடித்த கம்ப்ரஸரை மாட்டுவாள். "புதுக் கார் வெச்சிருக்கிறவன் கம்பெனிக்குப் போறான். நம்மகிட்ட வர்றவன் வேர்த்து ஒழுகிட்டு வர்றவன். அவன வேற ஏன் பிழியணும்?" என்பாள். சொல்லி முடித்த கையோடு ஸ்பானர் ஒன்று யார் மீதாவது பறக்கும். அது வேறு விஷயம்.

மகள் அந்தச் சத்தத்துக்குள்தான் வளர்ந்தாள். அம்மா யாரையாவது அடிக்கும்போதெல்லாம் டயர் அடுக்குக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொள்வாள். "நான் உன்ன மாதிரி ஆகவே மாட்டேன்மா" என்பாள். சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள், பாவி மகள்! வாடகைக் கார் ஓட்டும் ஒருவனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். தேன் ஒழுகப் பேசுவான். வீட்டுக் கதவைச் சாத்தியதும் பெல்ட்டை உருவுவான். மகள் கை ஓங்கவில்லை, வாய் திறக்கவில்லை, வாங்கிக்கொண்டு நின்றாள்.

மகளின் கழுத்தில் விரல் தடத்தைப் பார்த்த அன்று சம்மட்டி நேராக அவர்கள் வீட்டுக்குப் போனாள். "வாங்க அத்தை" என்று அவன் சொல்லி வாயை மூடுவதற்குள் மூக்கு உடைந்தது. ரத்தம் தரையில் கொட்டியது. இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையை மகள்தான் குறுக்கே விழுந்து பிடித்தாள். "இனிமே இவர் மேல உன் கை பட்டுச்சுன்னா நான் உனக்கு மகளே இல்ல. சத்தியம் பண்ணு!"

சம்மட்டி சத்தியம் பண்ணினாள். மூக்கெலும்பு கோணலாக ஒட்டிக்கொண்டது. அதோடு அவனுக்கு வாசனை என்பதே அற்றுப்போயிற்று. கருகினாலும் தெரியாது, ஊசிப்போனாலும் தெரியாது. அந்த ஆத்திரத்தையும் அவன் பெண்டாட்டி மீதுதான் தீர்த்தான். சம்மட்டி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அப்படிப்பட்டவன்தான் அந்தக் கோடையில் தன் பழைய காரை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். "ஏசி சுத்தமா செத்துப் போச்சு அத்தை. ஏறின ஆளு பாதி வழியில இறங்கிப் போறான். கம்மி செலவுல முடிச்சுக் குடுங்க." கூடவே ஒரு இளிப்பு. மகளுக்காக அவள் பானெட்டைத் திறந்தாள். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள், எங்கும் குமிழ் வரவில்லை. கடைசியில் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில்தான் ஓட்டை என்று தெரிந்தது. எந்த கேஸைப் போட்டு நிரப்பினாலும் கசிந்து நேராக உட்காரும் இடத்துக்குத்தான் வரும்.

"பழைய காயில் ஒண்ணு தேடிக் கொண்டு வரேன். டேஷ்போர்டு முழுக்கக் கழட்டணும். நாளைக்குத்தான் வண்டி கிடைக்கும்" என்றாள்.

"நாளைக்கா? நம்ம ஸ்டாண்ட்ல பாதிப் பேரு ஏசிக்குள்ள அடுப்பு கேஸ்தான் அடிச்சு ஓட்டுறான். ஐஸ் மாதிரி இருக்குதாம்."

"அவனுங்க காயில்ல ஓட்டை இல்ல. உன்னுதுல இருக்கு. அதுல போய் அடுப்பு கேஸா? எரிஞ்சு சாகணுமா? பொத்திட்டு உக்காரு."

சொல்லிவிட்டு அவள் காயலான் கடைக்குப் போய்விட்டாள். அங்கே பேரம் பேசி, கடைக்காரனோடு கைகலப்பு வரைக்கும் போய், ஒரு காயிலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு திரும்பினால் காரைக் காணோம். ஷெட் மூலையில் டீ போடும் அடுப்பின் சிலிண்டர் தலைகீழாகக் கிடந்தது. அவளுடைய கேஸ் ஏற்றும் குழாயே அதில் மாட்டியிருந்தது. குழாயில் உறைபனி இன்னும் உருகவில்லை.

"அட நாசமாப் போறவனே!"

சாக்கும் கையுமாக வெளியே ஓடிவந்தாள். தெருக்கோடி கார் ஸ்டாண்டில் அவன் வண்டி நின்றது. எஞ்சின் ஓடியது. கண்ணாடி நான்கும் ஏற்றியிருந்தன. உள்ளே குளிரில் சாய்ந்து கிடந்தான். சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்தான்.

சம்மட்டி நின்றுவிட்டாள்.

அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். கை ஓங்க வேண்டாம், சத்தியத்தை மீற வேண்டாம். அடுப்பு கேஸ் கனமானது, இந்நேரம் அவன் காலடியில் குளமாகத் தேங்கியிருக்கும். மற்றவன் என்றால் நாற்றம் மூக்கைத் துளைத்து வெளியே குதித்திருப்பான். இவன் மூக்கை அவள் உடைத்துப் போட்டிருக்கிறாள். திரும்பி ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்தால் போதும், மகள் கழுத்தில் இனித் தடம் விழாது. எரியட்டும் நாய் என்று வாய்விட்டே சொன்னாள். ஆனால் அந்த மூக்கு கண்ணுக்குள் வந்து நின்றது. தன் கையால் செத்தான் என்றல்லவா ஆகும்? வாய் திட்டிக்கொண்டே இருக்க, கால்கள் ஓடத் தொடங்கின.

கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது. "வெளிய வாடா! கேஸ் கசியுது, பத்த வெக்காத!"

சிலிண்டருக்காகத்தான் அடிக்க வருகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தான். "சத்தியம் அத்தை, சத்தியம்!" என்று விரலை ஆட்டினான். மூடி போட்ட பெட்ரோல் லைட்டரை எடுத்தான்.

சாக்கோடு காயிலைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். முதல் அடியிலேயே நொறுங்கிக் கொட்டியது. நாற்றம் குப்பென்று முகத்தில் அறைந்தது. கையை விட்டுக் கதவைத் திறந்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் வயிற்றில் உதைத்தான். முழங்கையைக் கடித்தான். அவள் விடவில்லை. பாதி உடம்பு வெளியே வந்ததும் லைட்டரைத் தட்டி, காலரைப் பிடித்திருந்த அவள் கையிலேயே வைத்தான். தோல் பொசுங்கியது. அப்போதுதான் அடித்தாள். எத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அடி! தாடை கடக்கென்று விலகியது. அவன் கையிலிருந்து நழுவிய லைட்டர் அணையாமல் கார் தரையில் போய் விழுந்தது.

குபீரென்று ஒரு சத்தம். காருக்குள் இருந்ததெல்லாம் நெருப்பாயிற்று. மிச்சமிருந்த கண்ணாடிகள் வெடித்துச் சிதறின. அவனைக் கட்டிப்பிடித்தபடி அவள் தரையில் உருண்டாள்.

ஸ்டாண்ட் டிரைவர்கள் ஓடிவந்து பார்க்கையில் கார் எரிகிறது, மருமகன் மேல் சம்மட்டி கிடக்கிறாள். வேறென்ன நினைப்பார்கள்? "கொன்னுட்டாடா!" என்று ஒருவன் அவளை விலாவில் உதைத்துத் தள்ளினான். இன்னொருவன் முடியைப் பிடித்து இழுத்தான். "கேஸ்... அவதான்... அடிச்சா" என்று மருமகன் கோணிய வாயால் ரத்தத்தோடு குழறினான்.

தான் வேலை பார்க்கும் அடுத்த தெருத் தையல் கடையிலிருந்து மகள் தலைதெறிக்க ஓடிவந்தாள். புருஷனைப் பார்த்தாள், எரியும் காரைப் பார்த்தாள், அம்மாவின் முஷ்டியில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "சத்தியம் பண்ணினியேம்மா!" என்று அலறிக்கொண்டே வந்து ஓங்கி ஓர் அறை விட்டாள்.

சம்மட்டியின் காது கிண்ணென்றது. உதடு கிழிந்தது. தன்னை மூர்க்கமாக அடித்த எத்தனையோ பேரை அவளுக்குத் தெரியும். இப்படியோர் அடியை ஒருவனும் அடித்ததில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். திடீரென்று கண்ணில் நீர் கொட்டியது.

"அடிக்கத் தெரியுதேடி உனக்கு" என்றாள். "இவ்வளவு பலம் கையில வெச்சுக்கிட்டா அவன்கிட்ட வாங்கிட்டு நின்ன?"

மகள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சிவந்து போயிருந்தது.

"ஏய்!" என்றான் கீழே கிடந்தவன். எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி மகளை ஓடிவரச் செய்யும் குரல். "ஏய்... தூக்குடி..."

அவள் திரும்பினாள். அப்போதுதான் அம்மாவின் கை கண்ணில் பட்டது. புறங்கையில் தோல் சுருண்டு, சதை தெரிந்தது.

"இது எப்படிம்மா?"

"அவன் லைட்டர் வெச்சான். இழுக்கும்போது."

மகள் பக்கத்துக் குழாயடியில் இருந்த வாளியை எடுத்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, அம்மா எதிரில் உட்கார்ந்து அந்தக் கையில் ஊற்றத் தொடங்கினாள். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வாளி காலியானதும் எழுந்து போய் மறுபடியும் பிடித்துக்கொண்டு வந்தாள்.