களிமண் கலந்த சுவர்

துலசா சாம்பியாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. நடுவில் இரும்புத்தூள் மேடு, சிவப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒடிசாவில் பார்பில் ஊருக்குப் பக்கத்து இரும்புக்கல் உடைக்கும் ஆலையில் அவள் சல்லடையோரம் நிற்பவள். கட்டிகள் உலைக்குப் போகும். தூளைப் போட்டால் உலைக்குள் காற்றுப் போகும் வழி அடைத்துக்கொள்ளும் என்று யாரும் வாங்கவில்லை, சரிவில் தள்ளினார்கள். "அள்ளிட்டுப் போம்மா, தள்ளுற கூலியாவது மிச்சம்" என்றார் ஆலைக் கணக்கு பார்த்த அப்போதைய முன்ஷி. அவளும் புருஷன் சோமாவும் அந்தத் தூளில்தான் வீட்டைக் கட்டினார்கள். சாயங்கால வெயிலில் சுவர் உள்ளுக்குள் பழுப்பதுபோல் இருக்கும்.

சோமா செத்ததும், எங்கள் ஹோ பழங்குடி வழக்கப்படி அவன் நிழலை வீட்டுக்குள் அழைத்தோம். உள்ளறையில் சாம்பல் தூவிக் கதவைச் சாத்தினோம். திறந்தபோது சாம்பலில் மெல்லிய தடம். வந்துவிட்டான். அதன்பின் அவள் சுவரோடு பேசத் தொடங்கினாள்.

பிறகு ஆற்றுக்கு அப்பால் உருண்டை ஆலை வந்தது. தூளை லட்டுபோல் உருட்டிச் சுட்டால் உலை ஏற்றுக்கொள்ளுமாம். நல்ல கட்டிகள் அருகிவந்த நேரம். குப்பைக்கு விலை வந்துவிட்டது. மேட்டை அள்ள இயந்திரம் வந்தது.

மேற்பார்வை பார்க்கும் மஹந்தா பாபு சுவரைத் தட்டினார். "கல்லு மாதிரி இருக்கே அக்கா, என்ன போட்டுக் கட்டினே?"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "சுத்தத் தூள் பாபு. கலப்படமே கிடையாது."

"அப்போ எங்க சரக்கு. மேட்டோட இதையும் அள்ளிற வேண்டியதுதான்."

"உள்ளறையை இடிச்சா அந்த ஆளு எங்கேடி போவாரு?" என்று என்னிடம் கேட்டாள். இரண்டாம் தடவை அழைத்து யாரும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

காலையில் மஹந்தாவிடம் போனாள். "பொய் சொல்லிட்டேன் பாபு. பாதி களிமண்ணு. சாணி, வைக்கோல் வேற."

"இப்பத்தான் பொய் சொல்றே."

"சுரண்டிப் பாருங்க."

சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை அவள் அடுப்பு மூட்டவில்லை. எங்கள் வீட்டுப் பழையதைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மஹந்தா வந்தார். "இரும்பு கம்மி, களி ஜாஸ்தி. இதைக் கழுவித் தேத்துற செலவுக்குப் புதுசாவே வெட்டிக்கலாம். நீயே வெச்சுக்கோ."

அவள் முகம் சுருங்கியது. "அவ்வளவு மட்டமில்லை. எத்தனை மழையைத் தாங்கியிருக்கு."

"வேணாம்னாலும் கோவமா உனக்கு?"

இயந்திரம் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. மேடு கரையக் கரைய மலை எழுந்து வந்தது. ஒருநாள் உள்ளறைக்குள் காலை வெயில் விழுந்தது, வழி விசாரித்து வந்த விருந்தாளிபோல.

அந்த வெளிச்சத்தில் சோற்றை வைத்துவிட்டு அவள் சுவரிடம் சொன்னாள்: "கேட்டியா? உன் சுவரு தரமில்லையாம். களிமண்ணு போடாதேன்னு அன்னிக்கே முட்டிக்கிட்டேன். நீ என்னிக்கு என் பேச்சைக் கேட்டே?"