முத்துமாரியை யார் தூக்குவது?

வகுப்பில் முத்துமாரி மயங்கி விழுந்துவிட்டாள் என்று தலைமையாசிரியை போனில் சொன்னபோது நான் எட்டயபுரம் பஸ்ஸில் இருந்தேன். வட்டார வள மையத்திலிருந்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு மாற்றலாகி வந்த புதிது. முத்துமாரி ஆறாம் வகுப்பு. இரண்டு கால்களும் வராது, வீல்சேர்தான். படிப்பில் கெட்டி. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, அவளைக் கொண்டுபோயிருந்த கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். உடம்பில் தண்ணீரே இல்லை, இப்படியே விட்டால் கிட்னி கெட்டுவிடும் என்றார். அவள் அம்மா செல்லத்தாய் ஆடு மேய்க்கிற இடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். சேலைக் கரையெல்லாம் கரிசல் மண். ராத்திரி செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிற பிள்ளைதானே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "போதும் டீச்சர். இனி இவ பள்ளிக்கூடம் போக வேண்டாம். உசுரோட இருந்தாப் போதும்" என்றார்.

அவர் மருந்து வாங்கப் போனதும் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லையா என்று முத்துமாரியிடம் மெதுவாகக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தண்ணி குடிச்சா ஒன்னுக்கு வரும்லா டீச்சர். அங்கன என்னைய யாரு தூக்குவா?"

ஐந்தாம் வகுப்புவரை ஊர்ப் பள்ளி. அம்மா நடுவில் வந்து பார்த்துக்கொள்வார். இந்தப் பள்ளி தொலைவு. சேர்ந்த புதிதில் கூடப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய், கழிப்பறைப் படியில் தடுக்கி மூன்று பேரும் விழுந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து காலையில் எழுந்தால் சாயங்காலம் வீடு திரும்பும்வரை அவள் தண்ணீரைத் தொடுவதில்லை. வெளியே சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் போடும் தனிநபர் கல்வித் திட்டத்தை நாங்கள் ஐஇபி என்போம். பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, வருட முடிவில் எங்கே வரவேண்டும், அதற்கு என்ன உதவி, அந்த உதவியை யார் தருவது, எப்போது மறுபடி பார்ப்பது, பெற்றோர் சம்மதம், எல்லாம் அதில் இருக்கவேண்டும். முத்துமாரியின் ஐஇபியில் கணக்கு இருந்தது, ஆங்கிலம் இருந்தது, பிசியோதெரபி இருந்தது. கழிப்பறை இல்லை.

அதைத் திருத்தி எழுதத் தலைமையாசிரியை, செல்லத்தாய், முத்துமாரி, நான் எல்லோரும் பள்ளியில் உட்கார்ந்தோம். எனக்கு உள்ளூர ஒரே பயம். அழுத்திக் கேட்டால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள், செல்லத்தாயும் அதற்குத் தயார். தலைமையாசிரியை அங்கேதான் தொடங்கினார்.

"இங்கன மறுபடி விழுந்து ஏதாவது ஆயிட்டுன்னா யாரு பதில் சொல்லுதது? வீட்டுவழிக் கல்வியில போட்டுருங்க டீச்சர்."

அவர் கெட்டவர் இல்லை. கழிப்பறையைச் சரிசெய்து தரச் சொல்லி ஏற்கெனவே மேலே எழுதிப் போட்டவர்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பள்ளிக் கட்டடமும் வசதிகளும் பிள்ளைக்கு எட்டவேண்டும் என்கிறது, அந்தந்தப் பிள்ளைக்கு வேண்டிய உதவியைத் தரவேண்டும் என்கிறது, உதவிக்கு ஆள் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை என்றேன்.

யார் தூக்கினால் உனக்குச் சரி என்று முத்துமாரியிடமே கேட்டோம். சத்துணவு சமைக்கும் அக்காவைச் சொன்னார் தலைமையாசிரியை.

"அவிய வேண்டாம். கையில மொளகாக் காந்தும்" என்றாள். செல்லத்தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியைப் பெருக்க வரும் பேச்சியக்கா என்றால் சரியாம். கூப்பிட்டுக் கேட்டதும் பேச்சியம்மாளும் ஒத்துக்கொண்டார்.

அவர் வராத அன்றைக்கு யார் என்று நான் விடவில்லை. 'உதவியாளர்' என்று மட்டும் எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள், இன்னொரு பெயர் வேண்டும் என்றேன். கடைசியில் தலைமையாசிரியை, "எம் பேர எழுதிக்கிடுங்க" என்றார். செல்லத்தாய் கையெழுத்துப் போட்டார். இன்னொரு தடவை ஆஸ்பத்திரி என்றால் அனுப்பவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

முதுகு பிடிக்காமல் தூக்குவது எப்படி என்று பிசியோதெரபிஸ்ட் பேச்சியம்மாளுக்குச் சொல்லித் தந்தார். படியை எடுத்துச் சரிவு போட்டு, சுவரில் கைப்பிடி அடித்தோம். கதவை அகலப்படுத்த அரையாண்டுத் தேர்வு தாண்டிவிட்டது. பேச்சியம்மாள் அவளைக் கூட்டிப்போன முதல் நாள் இன்டர்வல் நேரத்தில் நான் வராந்தாவில் நின்றேன். அந்தப் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை. வீல்சேர் திரும்பி வரும் சத்தம் கேட்டபிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

ஒருநாள் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டு, பேச்சியம்மாள் வரவில்லை என்று ஆரம்பித்ததும் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். பயப்படாதீர்கள் என்றுவிட்டு நடந்ததைச் சொன்னார். மேலதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்த நேரம். முத்துமாரி தானே வீல்சேரை உருட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் வந்திருக்கிறாள்.

"டீச்சர், பேச்சியக்கா இன்னைக்கு வரல. என் பிளான்ல ரெண்டாவது ஒங்க பேருதான் போட்டிருக்கு."

அதிகாரியை அப்படியே உட்காரவைத்துவிட்டு தலைமையாசிரியை எழுந்து அவளோடு போயிருக்கிறார்.

புதிதாக வேலைக்கு வரும் சிறப்பாசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். உதவி என்று வருகிற இடத்தில் ஓர் ஆளின் பெயரை எழுதுங்கள். எழுதி முடித்ததும் அதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள்.