கொக்டெயில் வகுப்பில் பத்மாக்கா

செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பத்மாக்காவின் தம்பி. "நேசமக்கா, அக்கா விடிய எழும்பேல்லை" என்றார். பத்மாக்கா நித்திரையிலேயே போய்விட்டார்.

கொடிகாமம் தபாற்கந்தோரில் இருபது வருடம் பத்மாக்காவின் பக்கத்து மேசையில் இருந்தவள் நான். அழுது முடிப்பதற்குள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் வந்துவிட்டது. அன்று தம்பி என்னைத் தனியே கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் நினைவாக அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்.

"எல்லாத்தையும் எழுதுங்கோ. அந்தக் கொக்டெயில் வகுப்பை மட்டும் விட்டிடுங்கோ. நாலு சனம் வாசிக்கிற புத்தகம்."

விடமாட்டேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓய்வுபெற்று இரண்டாம் வருடம், பத்மாக்கா ஒரு விளம்பரத்தைக் காட்டினார். யாழ்ப்பாண நகரத்து ஹொட்டேல் ஒன்றில் நான்கு சனிக்கிழமைகள், பழைய காலத்துக் கொக்டெயில் மதுவகைகளைக் கலக்கப் பழக்குகிறார்களாம். எனக்குத் தலை சுற்றியது. அவருடைய கணவர் குடித்தே போனவர். பிள்ளைகளும் இல்லை. பதினெட்டு வருடம் அந்த மனுசன் படலையில் செருமினால் பத்மாக்கா பின்கதவால் ஓடியதை எங்கள் பக்கத்தில் அறியாதவர் குறைவு.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றேன்.

"ஓம், விசர்தான். நீயும் வா."

போனேன். மெதடிஸ்த சபைப் பெண்கள் குழுவில் என் பெயர் கெட்டது. கெட்டால் கெடட்டும்.

முதல் நாள், கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் விஸ்கி, தேசிக்காய்ச்சாறு, சீனிப்பாணி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் போட்டுக் குலுக்கி, அகன்ற கிண்ணத்தில் ஊற்றி, ருசி பார்க்கும்படி சுற்றுக்கு விட்டார். பிறர் வாய் வைத்த பாத்திரத்தில் பத்மாக்கா வாய் வைப்பாரா? செம்பில் தண்ணீர் குடிப்பதுபோல் அண்ணாந்து ஊற்றினார். மூக்கு, கண், சேலை எங்கும் விஸ்கி. வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். உதட்டில் பட்டதை நக்கிப் பார்த்து, "புளி காணாது" என்றார். அதன் பிறகுதான் முட்டை நினைவு வந்து, "ஐயோ, நான் சைவமெல்லே!" என்று பதறினார்.

இரண்டாம் சனிக்கிழமை அளவுக் கிண்ணம் தந்தார்கள். பெருவிரல் உயரம்தான் இருக்கும். பத்மாக்கா அதில் சாராயத்தை ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நேசம், இவ்வளவுதானோ? இந்தச் சாமானுக்குப் பயந்தோ நான் பதினெட்டு வருசம் ஓடினனான்?"

கிண்ணத்தைக் குலுக்கும் பாத்திரத்துக்குள் கவிழ்த்தார்.

மூன்றாம் சனிக்கிழமை தம்பி மோட்டார்சைக்கிளில் வந்து ஹொட்டேல் வாசலில் நின்று சத்தம் போட்டார். "வா அக்கா வீட்டை. ஊர் சிரிக்குது. வராட்டில் உன்ரை செத்தவீட்டுக்கும் வரமாட்டன்."

பத்மாக்கா குலுக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தோடேயே வெளியே வந்தார். "அவர் எனக்கு அடிக்கேக்கை இந்த ஊர் எங்கை போனது? நீயும் வேலிக்கு அங்காலை நிண்டு பாத்துக்கொண்டுதானே நிண்டனி? செத்தவீட்டுக்கு வாறதும் வராததும் உன்ரை விருப்பம். எனக்கு உள்ளை வேலை கிடக்கு."

உள்ளே போய்விட்டார். தம்பி வெயிலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

கடைசிச் சனிக்கிழமை, முட்டையை விட்டு, விஸ்கிக்குப் பதிலாகப் பனஞ்சாராயம் வைத்து, புளியைக் கூட்டி ஒன்று கலந்தார். பயிற்றுநர் சொட்டு மிச்சம் விடாமல் குடித்தார். கிடைத்த சான்றிதழைச் சட்டம் போட்டு, கணவரின் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார் பத்மாக்கா. வீட்டுக்கு வருகிறவர்கள் முழிப்பதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

தம்பி சொன்னபடி செய்யவில்லை. அவர்தான் கொள்ளி வைத்தார். நேற்று இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் குனிந்தபடி கடைசிவரை கேட்டார்.

"கொக்டெயில் கிடக்கட்டும், நேசமக்கா" என்றார். "அந்த வேலிக்கதையை மட்டும் எடுத்துவிடுங்கோ."

கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்று காலை இதையும் கீழே சேர்த்து, அப்படியே கொண்டுபோய் அச்சகத்தில் கொடுக்கப் போகிறேன்.

பத்மாக்கா, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் குறைக்கவில்லை. போயிட்டு வாங்கோ.