முந்திரித் தோட்டத்துக்குத் தேனிலவு

இன்று பழவங்காடி பிள்ளையார் கோயில் வாசலில் ராமநாதனைப் பார்த்தேன். ஆபீஸில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வைத் தட்டிக்கொண்டு போன அதே ராமநாதன்தான். கூடவே திருநெல்வேலியிலிருந்து வந்த புது மருமகள்.

"ஓய், பிள்ளைகள் ஹனிமூனுக்குத் தென்னாப்பிரிக்கா போறாங்க, கேட்டோ! ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவுல முழுக்க முந்திரித் தோட்டம். தடங்கல் வராம இருக்க ஒரு தேங்காய் உடைச்சிட்டு வரேன்."

உள்ளே போய்விட்டான்.

அவன் சொன்னது ஒயின் பிழிகிற திராட்சையை. மலையாளம் பேசுகிற இந்த ஊரில் பிறந்தவனுக்கு அதுதான் முந்திரி. திருநெல்வேலிப் பெண்ணுக்கு முந்திரி என்றால் பாயசத்தில் போடுகிற பருப்பு.

"நெசமாவே முந்திரித் தோட்டந்தானா அங்கிள்?"

"ஆமாம்மா. சுத்திப் பார்த்து முடிஞ்சதும் வறுத்து, உப்புப் போட்டுக் குடுப்பாங்க."

அங்கேயே செல்போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, டிக்கெட் போட்டுராதீங்க. கடல் விழிஞ்ஞத்துல இருக்கு, முந்திரி கொல்லத்துல இருக்கு. இதுக்கு ஆப்பிரிக்காவா? ஊட்டிக்கே போவோம்."

உள்ளே தேங்காய் உடையும் சத்தம் கேட்டது.

இதைப் படிப்பவர்களில் ராமநாதனுக்கும் நண்பர்களாக இருப்பவர்கள், பிள்ளைகள் ஊட்டியிலிருந்து திரும்பும்வரை அந்த வீட்டில் திராட்சை என்ற சொல்லை எடுக்க வேண்டாம். பிறகு நானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். துணைக்கு யார் வருகிறீர்கள்?