ஸ்டெல்லா அக்கா உருவாமல் விட்ட கேசட்

லைட்ஹவுஸ் குப்பத்தில் இன்று காலை கிடைத்த கேசட் அந்தப் போலந்து இசைக்குழுவுடையதுதான். நான் அனுப்பிய ஒரு நிமிட ஒலியைக் கேட்டு, குழுவின் டிரம்மரே மாலையில் உறுதி செய்துவிட்டார்.

தொண்டை கிழியப் பாடும் டெத் மெட்டல் இசைமேல் எனக்குப் பித்துப் பிடித்திருந்த வயதில் அவர் தபாலில் அனுப்பியது அது. கடைக்கே வராத பதிவு. இப்போது அவரிடமும் பிரதி இல்லை. பாடியவர் இறந்துவிட்டார், அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாராம் மகள்.

போன வாரம் அவர் இணையத்தில் இதை எழுதியிருந்ததைப் படித்ததும் அந்த மூட்டைதான் நினைவுக்கு வந்தது. என் பழைய கேசட்டுகளை மூட்டையாக, அந்தக் குப்பத்தில் கருவாடு போடும் ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்திருந்தேன். கருவாடு காயும் இடத்தில் காக்கை அண்டாமலிருக்க, நாடாவை உருவிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார்கள்.

இன்று போனபோது களம் முழுக்க நாடா பளபளத்தது.

"எல்லாத்தையும் உருவிட்டியாக்கா?"

"ஒண்ணத் தவுர சார். போட்டுப் பாத்தேன், இன்னா கத்து கத்துறான்! ஒரு காக்கா நிக்கல. அப்பலேர்ந்து அத டேப்புலயே ஓட வுடுறேன்."

விஷயத்தைச் சொன்னேன். உடனே டேப்பை நிறுத்தி, கேசட்டை முந்தானையில் துடைத்து நீட்டினார்.

"அப்பன் கொரலாச்சே. எடுத்துக்கினு போ சார்."

அவர் டேப்பிலேயே மறுபடி போட்டு, ஒரு நிமிடத்தைப் போனில் பதிவு செய்துகொண்டேன்.

பொன்னேரி ஸ்டுடியோவில் வெள்ளிக்கிழமை கணினிக்கு மாற்றித் தருகிறார்கள். அக்கா ஓடவிட்டது ஒரு பக்கம்தான். உப்புக்காற்றில் மறுபக்கம் என்ன ஆனது என்பது அன்றுதான் தெரியும்.

அதுவரை கருவாட்டுக்கு நாடா மட்டும்தான் காவல். இதே அளவுக்குக் கத்தும் கேசட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.